டயாலிசிஸில் இருக்கும் சுகர்காரருக்கு பிரஷர் எவ்வளவு இருந்தால் நல்லது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் ஒரு டயாலிசிஸ் பிரிவில் மிஷின் பார்க்கிறேன். தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி, பாலம் தாண்டி ராமேஸ்வரம் என்று எல்லாப் பக்கமிருந்தும் ஆட்கள் வருகிறார்கள், அதில் நிறையப் பேர் சுகரில் கிட்னி போனவர்கள். ஊசி குத்தி மிஷினில் போட்டுவிட்டால் நான்கு மணி நேரம் பேசுவதைத் தவிர அவர்களுக்கு வேறு வேலை இல்லை. அவர்களும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் வீட்டு ஆட்களும் திரும்பத் திரும்பக் கேட்பவைதான் இந்தக் கேள்விகள். நான் டாக்டர் இல்லை. மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டர் வேலை, இதைப் படித்துவிட்டு நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

"முன்னாடி 130-க்குள்ள வைக்கணும்னு சொன்ன அதே டாக்டர், இப்ப 150 இருக்கு, பரவாயில்லைன்றாரு. எதை நம்புறது?"

இரண்டையும் நம்பலாம். கிட்னி கொஞ்சமாவது வேலை செய்துகொண்டிருந்த காலத்தில் பிரஷரை இறக்கியது அந்த மிச்சக் கிட்னியைக் காப்பாற்ற. டயாலிசிஸுக்கு வந்த பிறகு கணக்கே மாறிவிடுகிறது. அமெரிக்காவில் டயாலிசிஸ் நோயாளிகளை வைத்து 1998-ல் வந்த ஓர் ஆய்வு இதைப் பெரிய பேச்சாக்கியது. டயாலிசிஸ் முடிந்து எழும்போது மேல் பிரஷர் 180-ஐத் தாண்டியவர்களிடமும் இறப்பு அதிகம், 110-க்குக் கீழே போனவர்களிடமும் அதிகம். இரண்டு ஓரமும் ஆபத்து, நடுவில் இருப்பவர்கள்தான் அதிக நாள் இருந்தார்கள். 2010-ல் 16,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து இன்னொரு ஆய்வு வந்தது. டயாலிசிஸுக்கு முன் மேல் பிரஷர் 120-க்குக் கீழே இருப்பதோடு ஒட்டிவரும் ஆபத்து வயதானவர்களிடமும் சுகர் உள்ளவர்களிடமும் இன்னும் தூக்கலாகத் தெரிந்தது. உயர் பிரஷரின் ஆபத்து வயது குறைந்தவர்களிடம் சுகர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தெரிந்தது.

ஆக, 68 வயது அப்பத்தாவுக்கும் 38 வயது மகனுக்கும் ஒரே எண்ணை வைத்துப் பார்க்க முடியாது. மிஷினில் போடும் முன் 140/90, முடிந்த பின் 130/80 என்று 2005-ல் ஒரு அமெரிக்க வழிகாட்டி சொன்னது, இன்றும் அதைச் சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் நிபுணர்களின் கருத்தை வைத்துச் சொன்ன எண், பெரிய பரிசோதனை செய்து நிரூபித்தது இல்லை.

"அப்ப பிரஷர் ஏறிக் கிடந்தா ஆயுசு கெட்டின்னு அர்த்தமா?"

இல்லவே இல்லை, தயவுசெய்து அப்படிப் போய் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். பிரஷர் குறைவாக இருப்பவர்கள் ஏன் சீக்கிரம் போகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். இதயம் பலவீனமானால் பிரஷர் இறங்கும். சாப்பாடு இறங்காமல் உடம்பு வற்றினாலும் இறங்கும், உள்ளே எங்கோ கிருமி இருந்தாலும் இறங்கும். பாதி நேரம் குறைந்த பிரஷர் ஆளைக் கொல்வதில்லை, ஆளுக்கு வேறு ஏதோ நடந்துகொண்டிருப்பதைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

அதனால் நான் கூட வருகிறவர்களிடம் எப்போதும் சொல்வது ஒன்று உண்டு. வருஷக்கணக்கில் 160, 170 என்று நின்றவருக்கு, மாத்திரை எதையும் கூட்டாமல், சில மாதத்தில் தானாகவே 120, 110 என்று வந்தால், "பரவாயில்லையே, நார்மலுக்கு வந்துருச்சே" என்று சந்தோஷப்படாதீர்கள். டாக்டரிடம் போய், எக்கோ (இதயத்துக்கு எடுக்கும் ஸ்கேன்) எடுத்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள். சுகர்காரர்களுக்கு மாரடைப்பு நெஞ்சு வலியே இல்லாமல் வந்து போவதுண்டு. வெறும் மூச்சு வாங்கல், வியர்வை, சோர்வு, பிறகு பார்த்தால் பிரஷர் குறைந்திருக்கும்.

மறுபக்கம், உயர் பிரஷரை இறக்கினால் பலன் உண்டு என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. டயாலிசிஸ் நோயாளிகளுக்குப் பிரஷர் மருந்து கொடுத்துப் பார்த்த 8 பரிசோதனைகளை, மொத்தம் 1,679 பேர், 2009-ல் சேர்த்துப் பார்த்தார்கள். மேல் பிரஷர் 4, 5 புள்ளிதான் இறங்கியது, ஆனால் இதயம், ரத்தக்குழாய் சம்பந்தப்பட்ட பாதிப்புகள் 29 சதவீதம் குறைந்தன. எனவே 190-ல் இருப்பவரை "டயாலிசிஸ்காரருக்கு அப்படித்தான்" என்று விடுவது தப்பு.

"உங்க யூனிட்டுல 170, வீட்டுல 138. எது நிஜம்?"

வீட்டில் எடுத்ததுதான். இங்கே வரும்போது இரண்டு மூன்று நாள் தண்ணீர் உடம்பில் நிற்கிறது, பஸ் பிடித்து ஓடி வந்திருக்கிறார், ஊசி பயம் வேறு. முடிந்து எழும்போது உடம்பு வற்றிப் போயிருக்கும். இந்த இரண்டு எண்ணுமே வாரத்தின் மற்ற நேரங்களில் அவர் பிரஷர் எப்படி இருந்தது என்பதைச் சரியாகச் சொல்வதில்லை. 2010-ல் வந்த வேறோர் ஆய்வில் வீட்டில் எடுத்த மேல் பிரஷர் 120-லிருந்து 130 வரை இருந்தவர்கள்தான் நன்றாக இருந்தார்கள், அதற்கு மேலும் கீழும் போனவர்களுக்கு நிலைமை மோசம். யூனிட்டில் 125 என்பதும் வீட்டில் 125 என்பதும் ஒன்றில்லை என்பது இதிலிருந்து புரிய வேண்டும்.

எடுக்கும் முறையில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். கையில் கட்டும் பட்டை உள்ள மிஷின் போதும், மணிக்கட்டு மிஷின் வேண்டாம். ஃபிஸ்டுலா போட்ட கையில், அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ஆபரேஷன் செய்து ரத்தக்குழாய்களை இணைத்த கையில், ஒருபோதும் கட்டாதீர்கள், அந்தக் கையில் ரத்தம் எடுக்கவும் விடாதீர்கள், யார் கேட்டாலும். 5 நிமிஷம் சாய்ந்து உட்கார்ந்து, காலைக் கீழே ஊன்றி, பேசாமல் எடுக்க வேண்டும். டயாலிசிஸ் இல்லாத நாட்களில் காலையும் இரவும், மாதத்தில் ஒரு வாரமாவது, எடுத்து ஒரு நோட்டில் எழுதுங்கள். இன்னொன்றும் செய்யுங்கள், பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. உட்கார்ந்து ஒரு தடவை எடுத்தபின், எழுந்து நின்று ஒன்றிரண்டு நிமிஷம் கழித்து இன்னொரு தடவை. நின்றால் மேல் பிரஷர் 20 இறங்குகிறது என்றால் சுகர் நரம்பைத் தின்றிருக்கலாம், அதை டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள். இப்படிப்பட்டவர்தான் ராத்திரி ஒன்றுக்குப் போக எழுந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்கிறவர்.

"மேல 180, கீழ 60. கீழ நல்லாத்தானே இருக்கு?"

ரொம்ப வருஷம் சுகரும் கிட்னிக் கோளாறும் சேர்ந்தால் ரத்தக்குழாயின் சுவரில் சுண்ணாம்புச் சத்து படிந்து, வெயிலில் கிடந்த பழைய ஹோஸ் பைப் மாதிரி விறைத்துப் போகிறது. இதயம் அடிக்கும்போது அது விரிந்து கொடுக்காததால் மேல் எண் ஏறுகிறது, அடிப்பு முடிந்ததும் தாங்கிப் பிடிக்க முடியாததால் கீழ் எண் விழுகிறது. இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருப்பது நல்ல சேதி இல்லை. மருந்து போட்டு மேல் எண்ணை அடித்து இறக்கினால் கீழ் எண்ணும் கூடவே போய்விடும், இதயத்துக்கு ரத்தம் போவது அந்தக் கீழ் எண் நேரத்தில்தான். டாக்டர்கள் இந்த மாதிரி ஆட்களிடம் நிதானமாகப் போவது அதனால்தான்.

"மூணு மாத்திரை போடுறோம், பிரஷர் இறங்கவே மாட்டேங்குது."

மாத்திரைக்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள். டயாலிசிஸ்காரர் பிரஷரில் பெரும்பங்கு உடம்பில் தேங்கும் நீர்தான், அந்த நீரைப் பிடித்து வைப்பது உப்பு. ஆஸ்பத்திரியில் ஏற்றும் உப்புத்தண்ணீர் பாட்டிலில் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கிறது, உடம்பின் கணக்கும் கிட்டத்தட்ட அதுதான். ஒன்றுக்குப் போவது நின்றவர் 9 கிராம் உப்பு சாப்பிட்டால், ஒரு லிட்டர் தண்ணீரைக் குடிக்காமல் அவரால் இருக்க முடியாது. தாகம் விடாது.

அமெரிக்காவில் 150 பேரை வைத்து 2009-ல் செய்த ஒரு பரிசோதனையில், மருந்தைக் கூட்டாமல், டயாலிசிஸில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதல் நீர் எடுத்து உலர் எடையை (தேங்கிய நீர் போனபின் இருக்கும் எடை) மட்டும் இறக்கினார்கள். எடை ஒரு கிலோ அளவில்தான் இறங்கியது, அப்படிச் செய்யாதவர்களைவிட மேல் பிரஷர் 6, 7 புள்ளி கூடுதலாகக் குறைந்தது. அந்த ஒரு கிலோவை விட்டுவிட்டு நான்காவது மாத்திரையைத் தேடுவது வீண் வேலை என்பது என் கருத்து.

"உலர் எடைன்னா என்ன? யாரு முடிவு பண்றது?"

ட்ரை வெயிட் என்று நாங்கள் சொல்வது. கூடுதல் நீர் எல்லாம் போன பிறகு, பிரஷர் விழாமல், காலில் வீக்கம் இல்லாமல், படுத்தால் மூச்சு முட்டாமல் இருக்கும் எடை. டாக்டர்தான் சொல்வார், நாங்கள் அதை வைத்து மிஷினில் எவ்வளவு நீர் எடுப்பது என்று போடுவோம்.

இதில் ஒரு சின்ன விஷயம் பெரிய வம்பு செய்யும். எடை மிஷினில் ஏறும்போது சட்டைப் பையில் செல்போன், இடுப்பில் வெற்றிலைப் பை, தோளில் ஈரத் துண்டு என்று ஏறுகிறார்கள், அது அரைக் கிலோ காட்டினால் நாங்கள் அரை லிட்டர் கூடுதலாக எடுத்துவிடுவோம், மூன்றாவது மணி நேரத்தில் கால் குறண்டு பிடித்துக் கத்துவார். செருப்பைக் கழற்றி, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி உடுப்பில் ஏறுங்கள்.

அப்புறம், உலர் எடை கல்லில் வெட்டியது இல்லை. காய்ச்சலில் பத்து நாள் படுத்தவர் சதை வற்றி மூன்று கிலோ போயிருப்பார், ஆனால் மிஷினில் எடை பழைய எண்ணையே காட்டும், ஏனென்றால் போன சதையின் இடத்தில் நீர் வந்து உட்கார்ந்திருக்கும். ஆள் மெலிந்திருக்கிறார், எடை குறையவில்லை, பிரஷர் ஏறுகிறது என்றால் உலர் எடையை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

"கருவாடு கொஞ்சம்கூட தொடக்கூடாதா?"

இந்தக் கேள்வி வராத நாளில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, பச்சை மீன் விலை ஏறிக் கிடக்கும், வீட்டில் இருக்கும் கருவாட்டைத்தான் எடுப்பார்கள். புரிகிறது. ஆனால் கருவாடு என்பது உப்பில் புதைத்த மீன். உலக சுகாதார நிறுவனம் நல்ல உடம்புக்காரர்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்கிறது, அது ஒரு டீஸ்பூன். ஒரு துண்டு கருவாடு, அதற்குத் தோதாகப் பழைய சோறு, கூட ஊறுகாய், அப்பளம் என்றால் அந்த டீஸ்பூன் ஒரு வேளையிலேயே முடிந்தது.

ஊறவைத்துத் தண்ணீரை இரண்டு மூன்று தடவை மாற்றினால் உப்பு ஓரளவு இறங்கும், முழுக்கப் போகாது. என்னைக் கேட்டால் நாக்குக்கு ஆசையாக இருந்தால், எப்போதாவது, டயாலிசிஸுக்கு முந்தின நாள் இல்லாமல் பார்த்து, ஊறவைத்த சின்னத் துண்டு, அன்று குழம்பில் தனி உப்பு கிடையாது. பச்சை மீன் சாப்பிடுங்கள், சொல்லப்போனால் கட்டாயம் சாப்பிடுங்கள், டயாலிசிஸில் புரதம் போய்க்கொண்டே இருக்கிறது. புளியும் ராமநாதபுரம் குண்டு மிளகாயும் பூண்டும் தூக்கலாகப் போட்டுக் குழம்பு வைத்தால் உப்பு குறைந்தது அவ்வளவாகத் தெரியாது, காரத்துக்குத் தண்ணீர் குடிக்காமல் இருக்க முடிந்தவர்களுக்கு.

"வாலிநோக்கம் உப்புக்குப் பதிலா இந்துப்பு போடலாமா? கடையில லோ சோடியம் உப்புன்னு வேற விக்கிறான்."

வாலிநோக்கம் உப்பளத்தில் விளைந்தாலும் மலைச் சுரங்கத்தில் வெட்டியெடுத்தாலும் உப்பு உப்புதான், சோடியம் குளோரைடு. இந்துப்பில் சுகர், பிரஷர் எதற்கும் தனி நன்மை இல்லை.

லோ சோடியம் உப்பு விஷயம் அப்படி இல்லை, அது உண்மையிலேயே ஆபத்து. சோடியத்தைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். கிட்னி வேலை செய்யாதவருக்குப் பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடலாம், முன்னறிவிப்பு இல்லாமல். உலக சுகாதார நிறுவனம் 2025-ல் இந்த வகை உப்பைப் பொதுமக்களுக்குப் பரிந்துரைத்தபோதே கிட்னிக் கோளாறு உள்ளவர்களுக்கு இது பொருந்தாது என்று விலக்கித்தான் சொன்னது. டப்பாவைத் திருப்பிப் படியுங்கள்.

"இந்த வெயில்ல இளநீர், பதநீர் குடிச்சா சூடு தணியும்ல? கருப்பட்டி சுகருக்கு நல்லதுன்றாங்களே?"

மூன்றுமே வேண்டாம். இளநீரில் பொட்டாசியம் நிறைய, பதநீரிலும் உண்டு, கூடவே சர்க்கரை. கருப்பட்டி அந்தப் பதநீரைக் காய்ச்சி இறுக்கியதுதானே, சுகர் ஏறாது என்று சொல்வதெல்லாம் பேச்சு. பனைமரம் நம் ஊர்க்காரர்களுக்குச் சாமி மாதிரிதான், அதற்காக டயாலிசிஸ்காரருக்குப் பதநீர் கொடுக்க முடியாது.

தாகத்துக்கு இன்னொரு காரணம் சுகர். ரத்தத்தில் சர்க்கரை 350, 400 என்று நின்றால் நாக்கு வறண்டுகொண்டே இருக்கும். கிட்னி நன்றாக இருந்த காலத்தில் அந்தச் சர்க்கரை சிறுநீரில் போய்விடும், இப்போது போக வழி இல்லை. அது செல்களுக்குள் இருக்கும் நீரையும் ரத்தத்துக்கு இழுக்கும், வாயையும் குடிக்க வைக்கும், பிரஷர் ஏறும், நுரையீரலில் நீர் கோக்கும். ஆக சுகர்காரருக்குப் பிரஷரைப் பிடிக்கும் வேலை பாதி சுகரைப் பிடிப்பதிலேயே இருக்கிறது. இதில் மூன்று மாத சுகர் சராசரியை மட்டும் நம்ப வேண்டாம். டயாலிசிஸ்காரர்களுக்குச் சிவப்பணுக்கள் சீக்கிரம் செத்துப்போவதால் அது உண்மையைவிடக் குறைத்துக் காட்டக்கூடும், விரலில் குத்திப் பார்ப்பதும் வேண்டும்.

குடிக்கும் அளவை டாக்டர் ஆளுக்கு ஆள் சொல்வார், சிறுநீர் இன்னும் எவ்வளவு போகிறது என்பதைப் பொறுத்தது. காலையில் ஒரு பாட்டிலில் அன்றைய தண்ணீரை அளந்து ஊற்றிவைத்து, காபி, ரசம், மாத்திரைத் தண்ணீர் எல்லாவற்றுக்கும் அதிலிருந்து கழித்துக்கொள்கிறவர்கள்தான் கட்டுப்பாட்டோடு இருக்கிறார்கள். ஊர்க் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் குடிக்கவும் சமைக்கவும் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

"மிஷின்ல போட்ட ரெண்டு மணி நேரத்துல பிரஷர் இறங்கி மயக்கம் வருது. பக்கத்து பெட்காரருக்கு ஒண்ணும் ஆகல."

பக்கத்து பெட்காரருக்குச் சுகர் இல்லாமல் இருக்கலாம். நீர் வெளியே போகப் போக ரத்தக்குழாய் சுருங்கி, இதயத் துடிப்பு கூடி, பிரஷரைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். அதைச் செய்யச் சொல்லும் நரம்புகள் சுகரில் கெட்டுப்போயிருந்தால் அந்தத் தாங்கல் கிடைக்காது. இதயம் தடித்து விறைத்திருந்தால் இன்னும் மோசம். ஒவ்வொரு முறை இப்படி விழும்போதும் இதயத்துக்கும் மூளைக்கும் ரத்தம் குறைகிறது, நாளடைவில் அது இதயத்தைக் கெடுக்கிறது. "கொஞ்ச நேரம் தலை சுத்துச்சு, சரியாயிருச்சு" என்று தள்ளுகிற விஷயம் இல்லை இது.

எவ்வளவு வேகமாக நீரை எடுக்கிறோம் என்பதற்கும் உயிருக்கும் தொடர்பு உண்டு. ஒரு மணி நேரத்தில் ஒரு கிலோ எடைக்கு 13 மில்லிக்கு மேல் எடுத்தவர்களிடம் இறப்பு அதிகம் என்று 2011-ல் வந்த ஆய்வு காட்டியது. 60 கிலோ ஆளுக்கு நான்கு மணி நேரத்தில் அது 3 லிட்டரும் சொச்சமும். நீங்கள் ஐந்து கிலோ ஏற்றிக்கொண்டு வந்து "இன்னிக்கே எல்லாத்தையும் எடுத்துருங்க, அரை மணி முன்னாடி விட்டுருங்க, பஸ்ஸு போயிரும்" என்றால் நான் என்ன செய்வது? நேரத்தைக் கூட்டத்தான் சொல்வேன்.

சாப்பாட்டுப் பொட்டலம் இன்னொரு வில்லன். இரண்டாவது மணி நேரத்தில் இட்லி சாம்பாரைப் பிரித்து வைத்துச் சாப்பிடுவார், ரத்தம் வயிற்றுக்குப் போகும், பிரஷர் விழும். விழுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஆளைப் பார்த்தாலே தெரியும். அதுவரை ஊர்வம்பு பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்துவார், ஒரு கொட்டாவி விடுவார், இன்னொன்று விடுவார், காதோரம் வியர்க்கும். இரண்டாவது கொட்டாவியிலேயே நான் நீர் எடுப்பதை நிறுத்திவிட்டுக் காலைத் தூக்கிவைப்பேன். கூட இருப்பவர்களும் இதைக் கவனித்தால் சத்தம் கொடுங்கள். அடிக்கடி நடந்தால் டயாலிசிஸ் திரவத்தின் சூட்டைக் கொஞ்சம் குறைப்பது, உலர் எடையை மாற்றுவது, அன்று காலை பிரஷர் மாத்திரையைத் தள்ளிப்போடுவது, பிரஷரைத் தூக்கிப் பிடிக்கும் மிடோட்ரின் என்ற மாத்திரை என்று டாக்டர் கையில் வழிகள் உண்டு.

"வீட்டுக்கு வந்ததும் வேர்த்து விறுவிறுத்துப் போயிட்டாரு. சுகர் இறங்குச்சா, பிரஷர் இறங்குச்சா?"

பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும், அதனால் இரண்டையும் அளக்க வேண்டும். படுக்க வையுங்கள், காலுக்குத் தலையணை கொடுங்கள், விரலில் குத்திப் பாருங்கள். கிட்னி போனால் இன்சுலின் உடம்பில் அதிக நேரம் தங்கும், பழைய அளவே போட்டால் சுகர் சட்டென்று இறங்கிவிடும். 70-க்குக் கீழே இருந்து, ஆள் விழுங்கும் நிலையில் இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், 15 நிமிஷத்தில் மறுபடி பாருங்கள். இளநீர், ஆரஞ்சு ஜூஸ் வேண்டாம், பொட்டாசியம். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

"எந்த பிரஷர் மாத்திரை நல்லது?"

ஆளைப் பொறுத்தது. தெரிந்துகொள்ள வேண்டியது, சில மாத்திரை டயாலிசிஸில் கழுவிப் போய்விடும், சில போகாது. அட்டெனலால், மெட்டோபுரலால், லிசினோபிரில் போகும். கார்வெடிலால், ஆம்லோடிபின், டெல்மிசார்டன் போகாது. அதனால்தான் ஒன்றை டயாலிசிஸ் முடிந்து போடச் சொல்கிறார்கள், இன்னொன்றை ராத்திரி போடச் சொல்கிறார்கள். வாரம் மூன்று தடவை டயாலிசிஸ் முடிந்ததும் அட்டெனலால் ஒரு பிரிவுக்கும் லிசினோபிரில் ஒரு பிரிவுக்கும் கொடுத்து 200 பேரை வைத்து நடந்த ஒரு பரிசோதனையை, லிசினோபிரில் பக்கம் இதயப் பிரச்சினைகள் அதிகம் வந்ததால் பாதியிலேயே நிறுத்தினார்கள், 2014-ல் முடிவு வெளியானது. அட்டெனலால் வகை மாத்திரை சுகர் இறங்கும்போது வரும் படபடப்பை மறைத்துவிடும், வியர்வையை மட்டும் மறைக்காது. ரத்தம் ஊற வைக்கப் போடும் எரித்ரோபாய்டின் ஊசியும் பிரஷரை ஏற்றக்கூடியது, திடீரென்று ஏறினால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

"கொலஸ்ட்ரால் மாத்திரை?"

சுகரோடு டயாலிசிஸில் இருந்த 1,255 பேரிடம் ஜெர்மனியில் அட்டோர்வாஸ்டேட்டின் கொடுத்துப் பார்த்தார்கள், 2005-ல் முடிவு வந்தது, எதிர்பார்த்த அளவு பலன் தெரியவில்லை. ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால் தொடரச் சொல்வார்கள், டயாலிசிஸ் ஆரம்பித்தபின் புதிதாக ஆரம்பிப்பது வழக்கமில்லை.

"வாப்பா ரமலான் நோன்பு பிடிச்சே தீருவேன்றாங்க. என்ன சொல்றது?"

சுகரும் டயாலிசிஸும் சேர்ந்தவர்களை நோன்பில் மிக அதிக ஆபத்து உள்ள பிரிவில்தான் மருத்துவர்கள் வைக்கிறார்கள். பகலில் சுகர் இறங்கும், திறக்கும் நேரத்தில் நோன்புக் கஞ்சியும் பேரீச்சம்பழமும் தண்ணீரும் மொத்தமாக உள்ளே போகும், உப்பு, பொட்டாசியம், நீர் மூன்றும் ஒரே மூச்சில் ஏறும். தீராத நோயாளிக்கு மார்க்கத்திலேயே சலுகை உண்டு, நோன்புக்குப் பதில் ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யா. நாங்கள் சொன்னால் கேட்காதவர் பள்ளிவாசல் ஹஜ்ரத் சொன்னால் கேட்பார், அவரிடம் ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள், கீழக்கரைப் பக்கம் அது நன்றாக வேலை செய்திருக்கிறது.

"ஒளிக்காம சொல்லுங்க, இன்னும் எத்தனை வருஷம்?"

அமெரிக்காவின் பதிவேட்டுக் கணக்குப்படியே மிஷின் டயாலிசிஸ் ஆரம்பித்தவர்களில் ஐந்து வருஷத்தைத் தாண்டுகிறவர்கள் பாதிக்கும் குறைவு, சுகர் இருந்தால் நிலைமை இன்னும் கடினம், போகிறவர்களில் பெரும்பகுதி இதயத்தால் போகிறார்கள். இது கூட்டத்தின் கணக்கு. உங்கள் அப்பா அந்தக் கூட்டத்தில் எங்கே இருக்கிறார் என்பது வேறு பல விஷயத்தைப் பொறுத்தது. கழுத்தில் குழாயோடு இருக்கிறாரா, கையில் ஃபிஸ்டுலா இருக்கிறதா, நன்றாகச் சாப்பிடுகிறாரா, பாதத்தில் புண் இருக்கிறதா, மூன்று தடவை வர வேண்டியவர் இரண்டு தடவைதான் வருகிறாரா.

இதயம் தாங்கும் என்றால் மாற்றுக் கிட்னிதான் ஆயுளைக் கூட்டும், சுகர்காரருக்கும்தான். வீட்டில் கொடுப்பதற்கு ஆள் இல்லை என்றால் மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புக்கான அரசுப் பட்டியலில் பெயரைப் பதிவது பற்றி டாக்டரிடம் கேளுங்கள். தீவிலிருந்து வாரம் மூன்று தடவை அலைய முடியாதவர்கள் வயிற்று வழி டயாலிசிஸ் பற்றியும் கேட்கலாம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நீர் போவதால் பிரஷர் இப்படித் தூக்கிப் போடாது, அதற்கான திரவப் பைகளை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அந்தத் திரவத்தில் குளுகோஸ் இருப்பதால் சுகர் ஏறும், இன்சுலினைக் கூட்ட வேண்டி வரும், அது ஒரு தொல்லை. மிஷின் டயாலிசிஸுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை செல்லும், அட்டை இல்லாதவர்கள் கலெக்டர் ஆபீஸில் போய் வாங்கிக்கொள்ளுங்கள்.

"ஆடி அமாவாசை அன்னிக்கு ராமேஸ்வரம் ரோடே அடைச்சுப் போயிரும். ஒரு டயாலிசிஸ் விட்டா என்ன?"

2011-ல் 32,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து வந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. வாரம் மூன்று டயாலிசிஸில், நடுவில் இரண்டு நாள் முழுசாக இடைவெளி விழுமே, அது முடிகிற நாளில் இறப்பும், மாரடைப்பு, பக்கவாதம் போன்றவையும் மற்ற நாட்களைவிட அதிகம். வழக்கமான அந்த இடைவெளிக்கே இப்படி என்றால், ஒன்றை விட்டால் இடைவெளி நாலைந்து நாளாகிறது, நீரும் பொட்டாசியமும் ஏறிக்கொண்டே போகும்.

ஆடி, தை அமாவாசைத் தேதி காலண்டரில் முன்னாலேயே இருக்கிறது. ஒரு வாரம் முன்பே யூனிட்டுக்கு போன் செய்து, முந்தின நாளோ, விடிகாலை ஷிஃப்டோ மாற்றிக் கேளுங்கள், கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். இல்லையென்றால் முந்தின இரவே ராமநாதபுரத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிக்கொள்ளுங்கள். எப்படியோ தவறிவிட்டது என்றால் அடுத்த டயாலிசிஸ் வரை தண்ணீரைப் பாதியாக்குங்கள், பழம், இளநீர், கருவாடு எதுவும் கிடையாது. ராத்திரி படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினாலோ, கை கால் தளர்ந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ காலை வரை பார்க்காதீர்கள், 108-ஐக் கூப்பிட்டு, டயாலிசிஸ் நோயாளி என்பதையும் கடைசியாக மிஷினில் போட்ட நாளையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.